பியானோவின் கைநாட்டு

மதராஸ் கப்பலில் ஒரு பியானோவுக்குத் தனி அறை கிடைத்தது. அழகேசனின் மனைவிக்குக் கிடைக்கவில்லை. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் விதிப்படி நடந்தது. போர்ட் பிளேரில் அந்த நாளில் விதியைக் கேட்காமல் நடந்தது மழை ஒன்றுதான்.

அழகேசன் போர்ட் பிளேரை ஒட்டிய டாலிகஞ்சில் டீக்கடை வைத்திருந்தான். ராமநாதபுரம் சீமையில் அவன் நிலத்தில் வருஷம் பூராவும் வெயில் மட்டுமே விளைந்ததால் கப்பலேறி வந்தவன். அவன் டீ ஆற்றுவான். மனைவி பூங்கோதை வடை சுடுவாள். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று யார் வந்து, "பாபீ, தோ வடா", அதாவது அண்ணி, ரெண்டு வடை, என்று குரல் கொடுத்தாலும், அந்தக் குரலிலேயே பசி எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இல்லாதவன் இரண்டு கேட்டால் மூன்று வைப்பாள். கேட்டால், "எண்ணத் தெரியாதுண்ணே எனக்கு" என்பாள்.

1960ஆம் வருஷம், மழை ஓயும் சமயத்தில் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. முதலில் குடம் தூக்கினால் முட்டியது. பிறகு நடந்தால். பிறகு படுத்தால். கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் பாயை ஊன்றிக்கொண்டு மூச்சைத் தேட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, அழகேசனை வெளியே அழைத்துப் போனார்.

"இதயத்துக்குள்ள ஒரு கதவு இருக்குப்பா. அது சரியாத் திறக்கலை. மதராஸ்ல ஆபரேஷன் பண்ணித் திறந்துடறாங்க. இந்தக் கப்பல்லயே கூட்டிட்டுப் போயிடு. அடுத்த கப்பல் வரைக்கும் காத்திருக்காதே."

"சரிங்க டாக்டர்."

"இன்னொண்ணு. கீழ்த்தட்டு பங்க் படுக்கைல ஏத்திடாதே. அந்தப் புழுக்கத்துல, அந்தக் கூட்டத்துல அவங்க தாங்க மாட்டாங்க. ஜன்னல் வச்ச கேபின் வேணும். நோயாளிக்குன்னு ஒண்ணு எப்பவும் ஒதுக்கி வச்சிருப்பாங்க. நான் எழுதித் தர்றேன்."

கப்பல் ஆபீசில் இருந்தவர் டாக்டர் எழுதியதைப் படித்துப் பார்த்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"அந்தக் கேபின் போயிடுச்சுப்பா."

"யாருக்குங்க?"

"பியானோவுக்கு."

அந்தப் பியானோவை அழகேசனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். போன கப்பலில் அது வந்திறங்கிய அன்று போலீஸ் பேண்டு வாசித்தார்கள். கப்பலில் அதன் அறைக் கதவைக் கழற்றித்தான் அதை வெளியே கொண்டுவர முடிந்தது. சுவரோடு ஒட்டி நிற்கிற ஜாதி. பீரோவுக்குப் பல் முளைத்த மாதிரி இருந்தது. அதற்குச் சம்பங்கி மாலை போட்டார்கள். ஒருவர் அதன் முன்னால் நின்று வரவேற்புரை படித்தார். உரை முடியும்வரை, அதை வாசிப்பதற்காக மதராசிலிருந்து வந்த பியானோ டீச்சர் ஜெயமணி அம்மாள் கீழ்த்தட்டிலிருந்து கோழிக்கூடைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து ஏறி வந்து, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பியானோ உயரமாக இருந்ததால் அவரை மறைத்துவிட்டது.

இதையெல்லாம் நடத்தியது தீவுப் பண்பாட்டு உயர்வுக் குழு. தீவில் குடியேறிய ஜனங்கள் பண்பாடு இல்லாமல் வந்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அதைக் கொடுப்பதற்காக ஏற்பட்ட குழு அது. மரைன் ஹில்லில், துறைமுகம் முழுவதும் தெரிகிற ஒரு பங்களாவில் அதன் ஆபீஸ். ஷோப்பான் என்ற ஐரோப்பிய இசை மேதை பிறந்து நூற்றைம்பது வருஷம் ஆகிறது, ஆங்காங்கே கொண்டாடலாம் என்று எங்கிருந்தோ ஒரு சுற்றறிக்கை வந்தது. அது வந்து சேர்வதற்குள் பிறந்த நாள் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. தீவுக்கு அரிசியும் தபாலும் தாமதமாகத்தான் வருகின்றன. ஷோப்பான் மட்டும் குறித்த நாளில் பிறக்க வேண்டுமா என்று குழு ஆலோசித்து, நவம்பரில் அவரைப் பிறக்க வைப்பதென்று தீர்மானம் போட்டது. ஒருவரே தனியாக வாசிக்கும் கச்சேரி; அதைப் படம்பிடித்துத் தில்லிக்கு அனுப்புவது. படம் எடுக்கக் கல்கத்தாவிலிருந்து சக்ரவர்த்தி என்பவர் வந்து இறங்கியிருந்தார்.

சாமான்களோடு பியானோவைக் கப்பல் அடிவயிற்றில் அனுப்பலாமே என்று யாரோ கேட்டதற்குக் குழுவின் செயலாளர் கிருஷ்ணமூர்த்தி கண் சிவந்தாராம். "ஷோப்பானின் வாத்தியம் வெங்காய மூட்டையோடு பயணம் செய்வதா?" என்றாராம். கேபினில் போக வேண்டுமானால் பயணியாக இருக்க வேண்டும். ஆகவே பியானோவை, அரசு அலுவலாகச் செல்லும் பயணி என்று, வரவும் திரும்பிப் போகவும் சேர்த்தே பதிவு செய்தார்கள். அலுவலாகச் செல்பவர்களுக்கு முதல் உரிமை. நோயாளிகள் அலுவலாகச் செல்வதில்லை.

அழகேசன் மரைன் ஹில் ஏறினான். வாசலில் தலைமை எழுத்தர் பன்னீர்செல்வம் உட்கார்ந்திருந்தார்.

"செயலாளர் ஐயாவைப் பாக்கணும்."

"கல் ஆவோ."

"நான் தமிழ்தாங்க."

"அப்ப நாளைக்கு வா" என்றார் பன்னீர்செல்வம்.

மறுநாளும் அவர் அதையே சொன்னார். அதற்கு மறுநாள், அழகேசன் படியிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து, "சரி, உள்ள போ. கையைக் கட்டிக்கோ. முக்கியமா, எதையும் உடனே கேட்டுடாதே. அவரை முதல்ல பேச விடு" என்றார்.

கிருஷ்ணமூர்த்தியைப் பேச விடுவதற்கு யாரும் சிரமப்பட வேண்டியதில்லை.

"செட்லரா? வெரி குட். உங்களுக்காகத்தான் எல்லாம். காட்டை வெட்டியாச்சு. ரோடு போட்டாச்சு. மலேரியாவை ஒழிச்சாச்சு. இனி பாக்கி என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்?"

"என் பொஞ்சாதிக்குங்க..."

"ஷோப்பான்! அதுதான் பாக்கி. இந்த ஜனங்க டீ குடிக்கிறாங்க, வடை திங்கறாங்க, தூங்கறாங்க. ஆத்மான்னு ஒண்ணு இருக்கேப்பா, அதுக்கு யார் பொறுப்பு? ஹெல்த் டிபார்ட்மென்ட்டா? இல்லை. நாங்க."

அழகேசன் டாக்டரின் கடிதத்தை மேஜையில் வைத்தான். கிருஷ்ணமூர்த்தி அதைத் தொடாமல், தலையை மட்டும் சாய்த்துப் படித்தார்.

"ஹார்ட். ஐ ஆம் சாரி. ஆனா கேபின் பியானோ பேர்ல இருக்கு. நானா பண்ணினேன்? ரூல். நீ கச்சேரிக்கு வா. முடிஞ்சதும் பார்க்கலாம்."

வெளியே வந்தவனிடம் பன்னீர்செல்வம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வந்துடு. கச்சேரி நல்லா நடந்தா அவர் பூரிச்சுப் போயிருப்பார். அப்ப கேட்டா எதையும் குடுப்பார். போன வருஷம் குடியரசு தினத்துக்கு அப்புறம்தான் என் லீவையே சாங்ஷன் பண்ணினார்."

கச்சேரிக்கு முதல் நாள் கைதட்டல் ஒத்திகை நடந்தது. வாத்தியம் நின்றால் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் நடுவில் தட்டிவிடும் அபாயம் இருந்தது. ஆகவே துறைமுகத்திலிருந்து பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் வாங்கி வந்தார்கள். பன்னீர்செல்வம் பச்சை காட்டினால் தட்ட வேண்டும். சிவப்பு காட்டினால் நிறுத்த வேண்டும். சௌல்தாரி கிராமத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த விவசாயிகள், பாதி நட்ட வயலை விட்டுவிட்டு வந்து, ஒரு மத்தியானம் முழுக்கக் கைதட்டிப் பழகினார்கள். பியானோவை மூடி வைத்திருந்தார்கள். அது களைத்துவிடக் கூடாதாம்.

மறுநாள் சாயங்காலம் கச்சேரி. சம்பள விகிதப்படி நாற்காலிகள். அதிகாரிகள் கழுத்து மூடிய கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். சக்ரவர்த்தி வந்து முன்வரிசையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அதில் இருந்த முகங்களில் உணர்ச்சி வருவதற்கு இடமே இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பின்னால் நின்றுகொண்டிருந்த அழகேசனைப் பிடித்து இழுத்துவந்து, காமிராவுக்கு நேராக ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். "அச்சா சேரா ஹை" என்றார். நல்ல முகம். அழகேசன் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

கிருஷ்ணமூர்த்தி தலைமையுரைக்கு எழுந்தார். படப்பிடிப்பு விளக்குகள் எரிந்தன, ஊர் விளக்குகள் மங்கின.

"நண்பர்களே! ஷோப்பான் யார்? மூச்சுவிட முடியாமல் தவித்த ஒரு ஜீவன்! நெஞ்சு வியாதி. அந்த நிலைமையில் அவர் ஒரு தீவுக்குப் போனார். ஆம், நம்மைப் போல ஒரு தீவு! அங்கே மழை. ஈரம். இருமல். ஊர் திரும்ப வேண்டும். கப்பல் ஏறப் போனார். அந்தக் கப்பலில் அவருக்கு ஒரு நல்ல படுக்கை கொடுத்தார்களா?"

அவர் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கொடுக்கவில்லை! பன்றிகளை ஏற்றிக்கொண்டு போன கப்பல் அது. மூச்சுத் திணறுகிற மனிதனைப் பன்றிகளோடு அனுப்பினார்கள். நான் கேட்கிறேன், அந்த அதிகாரிகளுக்கு இதயம் இருந்ததா? ஒரு கேபின், ஒரே ஒரு கேபின் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? மனிதர்களா அவர்கள்?"

முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. பன்னீர்செல்வம் பச்சைக்கொடி காட்டினார், சௌல்தாரி தட்டியது.

அழகேசனுக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்குக் கடிதத்தைத் தொடக்கூட இல்லையே என்று நினைத்தோமே, இந்த மனுஷன் மனசுக்குள் எவ்வளவு வைத்திருக்கிறார்! பெயரை மாற்றிச் சொல்கிறார், அவ்வளவுதான். சபையில் பூங்கோதை பெயரைச் சொல்ல முடியுமா? முருகா, கண்ணைத் திறந்துவிட்டாய் என்று உள்ளுக்குள் கும்பிட்டான்.

ஜெயமணி அம்மாள் வந்து உட்கார்ந்தார். வெள்ளைப் புடவை, நரைத்த தலை. வாசிக்க ஆரம்பித்தார்.

அழகேசனுக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவன் வரவில்லை. இடது கை ஒரே அளவாகப் போய்க்கொண்டிருந்தது. வலது கை மட்டும் ஏதோ ஒன்றை எட்டிப் பிடிக்கப் போய், பிடிக்க முடியாமல் நின்று, மறுபடி போயிற்று. வீட்டில் அவள் இப்போது சுவரில் சாய்ந்திருப்பாள். பக்கத்து வீட்டு ருக்கு விசிறிக்கொண்டிருப்பாள். "நீங்க கவலப்படாமப் போயிட்டு வாங்க" என்று பூங்கோதை ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொல்லி அனுப்பியிருந்தாள். அழகேசன் அழுதான். முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"கட்!" என்று ஒரு அலறல்.

பாட்டு பாதியில் நின்றது. சக்ரவர்த்தி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு குதித்தார். ஒரு செட்லர், ஒரு டீக்கடைக்காரன், ஷோப்பானைக் கேட்டு அழுகிறான். உலகத்திலேயே கிடைக்காத காட்சி. அந்த நேரம் பார்த்துக் காமிராவில் பிலிம் தீர்ந்துவிட்டது. "ஃபிர் ஸே!" என்றார். மறுபடி.

கிருஷ்ணமூர்த்தி முக்காலியின் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"அப்பா, அழகேசா, இன்னொரு தரம் அழணும். நம்ம குழுவோட பத்து வருஷ உழைப்பு உன் கண்ணுலதான் இருக்கு."

புது பிலிம் போட்டார்கள். ஜெயமணி அம்மாள் முதலிலிருந்து வாசித்தார். அழகேசன் முயற்சி செய்தான். சபையே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரவில்லை.

"ரோவோ பாய், ரோவோ!" என்று கெஞ்சினார் சக்ரவர்த்தி. அழு அண்ணே, அழு. யாரோ சமையல்கட்டிலிருந்து வெங்காயம் கொண்டுவந்தார்கள். கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது. சக்ரவர்த்திக்குத் திருப்தியில்லை. இது சளி, அது ஆத்மா என்றார்.

"இதோ பார்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "அழுதுடு. கேபினை உனக்கே தந்துடறேன். சபைல சொல்றேன்."

விளக்கு எரிந்தது. காமிரா ஓடியது. அழகேசனின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அவன் உதட்டைக் கடித்துப் பார்த்தான். தொடையைக் கிள்ளிப் பார்த்தான். சிரிப்பு காதுவரைக்கும் போயிற்று.

"என்னய்யா இளிக்கிறே!"

"மன்னிச்சுக்கங்க சார். கேபின் தர்றேன்னு சொன்னீகளா, அதான், அழுகை எங்கிட்டோ போயிருச்சு."

கிருஷ்ணமூர்த்தி நிமிர்ந்தார். யோசித்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் புத்திசாலி. விஷயம் உடனே பிடிபட்டது.

"அப்படியா? சரி. கேபின் கிடையாது."

"சார்..."

"கிடையாதுன்னா கிடையாது. பியானோவுக்குத்தான். உன் சம்சாரம் கீழ்த்தட்டுல போகட்டும். இல்லை, போகவே வேண்டாம்." பின்னால் திரும்பி, சத்தமில்லாமல், "ஸ்டார்ட்" என்று விரலால் காட்டினார்.

படம் அருமையாக வந்தது. சக்ரவர்த்தி கிருஷ்ணமூர்த்தியைக் கட்டிக்கொண்டார். பச்சைக்கொடி அசைந்தது. மண்டபம் அதிர்ந்தது.

கூட்டம் கலைந்தபின் அழகேசன் போய் நின்றான்.

"சார், அழச் சொன்னீக, அழுதுட்டேன். கேபினு..."

கிருஷ்ணமூர்த்தி அவன் தோளில் கை வைத்தார். "நல்லா யோசிச்சுப் பாரப்பா. இது சினிமா இல்லை, டாக்குமென்ட்டரி. அதுல பொய் கலக்கக் கூடாது. கேபின் இல்லைங்கற துக்கத்துல நீ அழுதே. இப்ப நான் கேபினைக் கொடுத்துட்டா அந்த அழுகை என்ன ஆகும்? பொய்யாயிடும். தில்லியை ஏமாத்தினதாயிடும். என் மனசாட்சி இடம் கொடுக்காது."

அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் குமட்டியது. அக்கிரமம் செய்கிறவன் கொஞ்சம் கூசினால், அந்தக் கூச்சத்தைப் பிடித்துக்கொண்டு அவனிடம் பேசலாம். இவரிடம் பிடிக்க ஒன்றும் இல்லை. எண்ணெய் தடவிய கம்பம் போல இருந்தார்.

அழகேசன் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். தன் கண்ணீரை யாரோ வாயில் போட்டுச் சப்பி, எச்சிலோடு திருப்பிக் கொடுத்ததைப் போல இருந்தது.

"எதுக்கு அழுதீங்க?"

ஜெயமணி அம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"முதல் தடவை. பாட்டுக்கா அழுதீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பாவம், அத்தனை நேரம் வாசித்தவர். "இல்லீங்க டீச்சரம்மா" என்றான். எல்லாவற்றையும் சொன்னான்.

அவர் கேட்டுக்கொண்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "உங்க வீட்டம்மா பேரென்ன?" என்று மட்டும் கேட்டார். "பூங்கோதை" என்றான். "ஜெபத்துல சொல்றதுக்குப் பேர் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கப்பல் புறப்படும் காலை, அழகேசன் வேறு வழியில்லாமல் கீழ்த்தட்டுக்கே சீட்டு வாங்கியிருந்தான். நாற்காலியில் உட்கார வைத்து, ருக்குவின் புருஷனும் அவனுமாகப் பூங்கோதையைத் துறைமுகத்துக்குத் தூக்கி வந்தார்கள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. கப்பலின் படிக்கட்டருகே பியானோ மாலையோடு நின்றது. கிருஷ்ணமூர்த்தியும் குழு உறுப்பினர்களும் அதை வழியனுப்ப வந்திருந்தார்கள். பிரிவுரை தயாராக இருந்தது.

ஜெயமணி அம்மாள் நாற்காலியில் இருந்தவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு கப்பல் அதிகாரியிடம் போனார்.

"அடியில இடமில்லைன்னாங்க. இந்தப் பியானோவை மேல்தட்டுல, சாமான்களோட ஏத்திடுங்க. கேபின் அந்தம்மாவுக்கு."

"மேடம்!" என்று கிருஷ்ணமூர்த்தி ஓடிவந்தார். "உப்புக் காத்து! மழை! அது கலாசாரச் சொத்து!"

"என் சொத்து. நான்தான் வாங்கினேன். இதை வச்சுப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் சாப்பிடறேன். நான் சொல்றேன்."

"வாஸ்தவம். ஆனா வாத்தியம் உங்களுது, கேபின் வாத்தியத்தோடது. பயணி அது. நீங்க எப்படி விட்டுக்கொடுப்பீங்க? விதிப்படி, பயணி தானே எழுதி, கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கணும்." அவர் புன்னகை செய்தார். "போடச் சொல்லுங்க."

குழு உறுப்பினர்கள் சிரித்தார்கள். அழகேசன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. பன்னீர்செல்வம், கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், ஒரு சந்தேகம். எழுதப் படிக்கத் தெரியாத பயணின்னா கைநாட்டு செல்லும். ரூல்ல இருக்கு."

சிரிப்பு நின்றது. கிருஷ்ணமூர்த்தியின் முகத்தில் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. விதி என்ற சொல் காதில் விழுந்ததும், பாம்பாட்டி மகுடியைக் கேட்ட பாம்பு மாதிரி அவர் தலை தானாக எழுந்தது.

"செல்லும்" என்றார் மெதுவாக. "ஆனா எந்தக் கை? ஆண்னா இடது பெருவிரல். பெண்னா வலது."

"குழு தீர்மானிக்கலாம் சார். கோரத்துக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை இருக்கு."

அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. கப்பல் ஒரு தடவை ஊதியது. வாத்தியம் பெண்ணென்று ஒரு உறுப்பினர் சொன்னார். வீணை சரஸ்வதியின் கையில் இருப்பதை ஆதாரம் காட்டினார். ஷோப்பான் ஆண், ஆகையால் அவருடைய வாத்தியமும் ஆண் என்றார் இன்னொருவர். கப்பல் மறுபடி ஊதியது. கிருஷ்ணமூர்த்தி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் மூச்சுக்காகத் தவித்துக்கொண்டிருந்த பூங்கோதையின் முன்னால் நின்று, இது மிக முக்கியமான முன்னுதாரணம் என்றும், அவசரப்படக் கூடாதென்றும் சொன்னார். கடைசியில் ஆண் என்று முடிவாயிற்று. இடது கோடியில் இருக்கிற கட்டையே இடது பெருவிரல்.

ஜெயமணி அம்மாள் மூடியைத் தாமே திறந்தார். பன்னீர்செல்வம் மைப்பெட்டியைத் திறந்து, அந்த வெள்ளைக் கட்டையில் ஊதா மையை அப்பி, காகிதத்தை அழுத்தினார். கட்டை அமுங்கி, துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து ஒரு முறை உறுமியது.

"சம்மதம் தெரிவிச்சுட்டார் சார்" என்றார் பன்னீர்செல்வம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கிருஷ்ணமூர்த்தி அத்தாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பன்னீர்செல்வத்தின் கையைக் குலுக்கி, குழுவின் சரித்திரத்தில் இது ஒரு பொன்னாள் என்றார். பூங்கோதையைத் தூக்கிப் போனபோது அவர் வழிவிடவில்லை; பார்க்கவில்லை, பாவம். அவர் காகிதத்தை வெயிலில் காட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் அழகேசன் பன்னீர்செல்வத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "போ, போ" என்றார் அவர். "கல் ஆவோன்னு சொல்லிச் சொல்லி உன்னோட ரெண்டு நாளை வாயில போட்டுக்கிட்டேன். அந்தக் கடன்."

அந்தப் படம் பிற்பாடு தில்லியில் காட்டப்பட்டதாம். "காட்டை வெட்டிய கைகள், இன்று ஷோப்பானின் முன் கண்ணீரைக் கொட்டுகின்றன" என்று ஒரு கம்பீரமான குரல் சொல்லுமாம். குழுவுக்கு நற்சான்று வந்தது. அடுத்து யாருக்கு நினைவு நாள் என்று தேடத் தொடங்கினார்கள்.

கப்பல் கரையை விட்டு விலகி, தீவு ஒரு பச்சைக் கோடாக ஆனபோது, அழகேசன் கேபினிலிருந்து வெளியே வந்தான். வட்ட ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. பூங்கோதை மூன்று தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பாயை ஊன்றித் தவித்த கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவன் மேல்தட்டுக்கு ஏறினான்.

கொப்பரை மூட்டைகளுக்கும் மரத்துண்டுகளுக்கும் நடுவே பியானோ கயிற்றால் கட்டப்பட்டு நின்றது. மாலை வாடித் தொங்கியது. ஜெயமணி அம்மாள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"டீச்சரம்மா, மழை வருது. இது வீணாப் போயிருமே."

"போயிடும்" என்றார் அவர். சமாதானம் சொல்கிறவர் இல்லை. "கொஞ்சமாவது போயிடும்."

"ஐயோ, அப்ப நீங்க என்ன செய்வீக?"

"தெரியலை. ஊர் போய்ச் சேர்ந்து யோசிக்கணும்." பிறகு கேட்டார்: "தூங்கறாங்களா?"

"தூங்குறா. எத்தனை நாளைக்கப்புறம்!"

முதல் துளிகள் விழுந்தன. அழகேசன் தன் துண்டை எடுத்துப் பியானோமேல் விரித்தான். அது பாதிக்குக்கூடப் போதவில்லை. கீழ்த்தட்டின் ஏணியில் தலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வங்காளிக் கிழவி எதையோ சொல்லிக்கொண்டு தன் கம்பளியை மேலே எறிந்தாள். அதற்குப் பின்னால் ஒரு சமுக்காளம் வந்தது. ஒரு தெலுங்கர் தன் படுக்கைப் பாயைத் தலைமேல் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். அது என்ன பெட்டி, யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே ஏதோ நனையக் கூடாதது இருக்கிறது, ஒரு பொம்பளை பக்கத்தில் உட்கார்ந்து நனைகிறாள் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பதினைந்து பேர் மூலைக்கொருவராகத் துணிகளின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெயமணி அம்மாள் எழுந்து, தனக்கென்று ஒரு மூலையைத் தேடினார். இடமில்லை.

"நீங்க உள்ள போங்கம்மா" என்றான் அழகேசன். "கேபின்ல ஒரு ஆளு உக்கார எடம் இருக்கு. அவ முழிச்சா, பக்கத்துல யாராச்சும் இருக்கணும்."